கணினியின் வேகத்தை எதை வைத்து அளப்பது? பாடசாலைக் கொள்வனவுக்காக ஓர் ஒப்பீடு

புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலையொன்றின் பழைய மாணவர் சங்கம், கிளிநொச்சியில் ஒரு கணினிக் கடைக்காரர், வவுனியாவில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் ஒரு மாணவி. மூன்று பேரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வி: ஒரு கணினி எவ்வளவு வேகமானது என்று எதை வைத்துச் சொல்வது? சங்கத்தின் கையில் மூன்று விலைமனுக்கள் இருக்கின்றன. ஒன்றில் "ஐ7" என்ற இன்டெல் புரோசசர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்றில் பாஸ்மார்க் என்ற வேகச் சோதனையின் புள்ளி இருக்கிறது. மூன்றாவது கடை, கீக்பெஞ்ச் என்ற வேறொரு வேகச் சோதனையின் முடிவைத் திரையிலிருந்து படமெடுத்து (ஸ்கிரீன்ஷொட்) வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் வைக்க வழியில்லை. காசு கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்த்து அனுப்பியது. நாளைக்கு யாராவது "ஏன் இதை வாங்கினீர்கள்?" என்று கேட்டால் செயலாளர் பதில் சொல்லவேண்டும். கடைக்காரருக்கு எதை அளந்து காட்டினால் வாடிக்கையாளர் நம்புவார் என்று தெரியவேண்டும். மாணவிக்கோ தன் ஆய்வறிக்கையில் எழுதும் எண்ணைப் பரீட்சகர் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதலாமவருக்கானது. மற்ற இருவருக்கும் வேண்டியதை இடையிடையே சொல்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

அளவுகோல்களைப் பார்க்கமுன், அளவுகோலை எதனால் அளப்பது என்று முடிவெடுக்கவேண்டும். என் பட்டியல் இது, முக்கியத்துவ வரிசையில்:

- அடிப்படை எது? அந்தப் புள்ளி எந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டு வந்தது?
- நம் வேலைக்கும் அதற்கும் என்ன உறவு? உயர்தர மாணவர் பைதன் நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் ஓட்டும் அறைக்கும், முப்பரிமாணப் படம் வரையும் அறைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.
- திரும்ப அளக்கலாமா? கடையிலும், கையளிக்கும் நாளில் பாடசாலையிலும், இரண்டு வருடம் கழித்தும்.
- வெக்கையில் என்ன காட்டும்? குளிரூட்டிய அறையில் எடுத்த எண் தகரக் கூரைக்குக் கீழ் நிற்குமா?
- ஏமாற்ற எவ்வளவு இடம் இருக்கிறது?
- செலவு. பணம் மட்டுமல்ல, டேட்டாவும் நேரமும்.

முதலாவதை ஏன் முதலில் வைத்தேன் என்று கொஞ்சம் விளக்கவேண்டும். ஏக்கருக்கு இத்தனை மூட்டை விளைந்தது என்றால், மூட்டை எத்தனை கிலோ என்று கேட்காமல் வன்னியில் எந்த விவசாயியும் விலை பேசமாட்டார். கணினிப் புள்ளிகளை மட்டும் அந்தக் கேள்வி இல்லாமலே ஏற்றுக்கொள்கிறோம். "6000 புள்ளி" என்றால் எதைவிட எத்தனை மடங்கு?

இந்தக் கேள்வி கணினித் துறையில் பழையது. 1977இல் வெளிவந்த வாக்ஸ் 11/780 என்ற இயந்திரத்தை "1 மிப்ஸ்", அதாவது நொடிக்குப் பத்து இலட்சம் கட்டளை, என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் மடங்காகச் சொன்னார்கள். 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய டிரைஸ்டோன் என்ற சிறு சோதனை நிரலை வாக்ஸ் நொடிக்கு 1757 தடவை ஓட்டியது. ஆகவே ஓர் இயந்திரத்தின் டிரைஸ்டோன் எண்ணை 1757ஆல் வகுத்தால் அதன் மிப்ஸ் கிடைக்கும் என்பது வழக்கமாயிற்று. உண்மையில் வாக்ஸ் நொடிக்கு ஏறக்குறைய 5 இலட்சம் கட்டளைகளைத்தான் நிறைவேற்றியது என்பது பிறகு அளந்து பார்த்தபோது தெரிந்தது. அப்படியிருந்தும் அந்த அளவை பயன்பட்டது, ஏனென்றால் எல்லோரும் ஒரே இயந்திரத்தை அடிப்படையாக வைத்திருந்தார்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது விகிதம். விகிதம் சொல்ல இரண்டு பக்கமும் தெரிந்திருக்கவேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அடிப்படை | செலவு | இணையம் வேண்டுமா | காட்டத் தவறுவது |
|---|---|---|---|---|
| பெட்டியில் எழுதிய விபரம் | இல்லை | இல்லை | இல்லை | உண்மையான வேகம் |
| பாஸ்மார்க் பட்டியல் | பலர் அனுப்பிய அளவுகளின் சராசரி | பட்டியல் பார்க்க இலவசம் | ஆம் | உங்கள் கையிலுள்ள அந்தக் கணினி |
| கீக்பெஞ்ச் 6 | கோர் ஐ7-12700 = 2500 | இலவசப் பதிப்பு உண்டு | இலவசப் பதிப்புக்கு ஆம் | நீண்ட நேர வெப்பம், வன்தட்டு |
| சினிபெஞ்ச் ஆர்23 | குறிப்பிட்ட இயந்திரம் இல்லை, வெறும் புள்ளி | இலவசம் | இறக்கும்போது மட்டும் | வன்தட்டு, ரேம் பற்றாக்குறை |
| 7-சிப் சோதனை | இன்டெல் கோர் 2 | இலவசம் | இல்லை | வன்தட்டு, திரைவரைகலை |
| ஸ்பெக் சிபியு 2017 | சன் ஃபயர் வி490 = 1 | 1000 டொலர், கல்வி நிறுவனங்களுக்குக் குறைவு | இல்லை | சாதாரண அலுவலகப் பாவனை |
| உங்கள் சொந்த ஒப்புநோக்குக் கணினி | நீங்கள் தெரிவுசெய்தது | உங்கள் நேரம் | இல்லை | வெளியூரோடு ஒப்பீடு |

## பெட்டியில் எழுதியிருப்பது

"ஐ7 என்றால் ஐ5ஐவிட நல்லது, ஐ5 என்றால் ஐ3ஐவிட நல்லது." வவுனியாவில் பாவித்த கணினி விற்கும் கடைகளில் இந்த நம்பிக்கையின் மேல்தான் விலை நிற்கிறது. 2015இல் வந்த ஐ7-6600யூ மடிக்கணினி புரோசசரில் இரண்டே கோர், அதாவது கணிக்கும் அலகு. 2013இன் ஐ5-4570 மேசைக்கணினி புரோசசரில் நான்கு. 2022இல் வந்த ஐ3-12100இலும் நான்கு கோர்தான், ஆனால் அது எட்டு வேலைத்தொடர்களை ஒரேநேரத்தில் ஓட்டும், ஒவ்வொரு கோரும் பழைய இரண்டையும்விட மிக வேகமானது. பெயரை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துகிறவர் இதை அப்படியே தலைகீழாக வரிசைப்படுத்துவார்.

என்றாலும் இந்த விபரத்தை ஒதுக்கவேண்டாம். வடிகட்ட இதைவிட மலிவான கருவி இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்க இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தாலொழிய விலைமனுவிலேயே வெட்டிவிடலாம். அதேபோல எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) இல்லாத கணினியையும் வெட்டலாம். பழைய சுழலும் வன்தட்டில் விண்டோஸ் எழும்பும் வரை ஒரு பாடவேளையின் முதல் பத்து நிமிடம் போய்விடும், புரோசசர் எதுவாக இருந்தாலும்.

## பாஸ்மார்க்

கடைக்காரர்களுக்குப் பிடித்தது இதுதான். புரோசசர் பெயரைத் தேடினால் ஓர் எண் வரும், முடிந்தது. அந்த எண், உலகெங்கும் பலர் தங்கள் கணினியில் ஓட்டி அனுப்பிய அளவுகளின் சராசரி. அந்தச் சராசரிக்குள் நல்ல குளிர்விசிறி உள்ள மேசைக்கணினியும் இருக்கும், ஒரு ரேம் துண்டு மட்டும் போட்ட மலிவுக் கணினியும் இருக்கும். உங்களுக்கு வரப்போவது எது என்று அது சொல்லாது. 2020இல் 10ஆம் பதிப்பு வந்தபோது கணக்கிடும் முறை மாறியது, ஆகவே பழைய விலைமனுவில் இருந்த புள்ளியைப் புதியதோடு பக்கத்தில் வைக்கக்கூடாது.

ரொறன்ரோவில் இருக்கும் நன்கொடையாளர் கணினியைக் கண்ணால் காணாமல், தொலைபேசியிலேயே மூன்று விலைமனுக்களையும் ஓரளவு வரிசைப்படுத்த விரும்பினால் இது போதும். அதற்கு மேல் இதை நம்பவேண்டாம்.

## கீக்பெஞ்ச் 6

இதன் பெரிய பலம், அடிப்படை வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பது. கோர் ஐ7-12700 உள்ள ஒரு டெல் கணினி 2500. உங்கள் கணினி 1250 காட்டினால், இந்தச் சோதனை வேலைகளில் அதன் வேகம் அதில் பாதி. முந்திய 5ஆம் பதிப்பில் ஐ3-8100 = 1000 என்று இருந்தது. 4ஆம் பதிப்பில் மேலே சொன்ன அதே ஐ7-6600யூ = 4000. பதிப்பு மாறும்போது அடிப்படையும் மாறுகிறது, எண்ணும் மாறுகிறது. ஆகவே "கீக்பெஞ்ச் 4000" என்று மட்டும் எழுதிய விலைமனுவுக்குப் பொருளே இல்லை. பதிப்பு எண் இல்லாத கீக்பெஞ்ச் புள்ளியைக் கண்டால் திருப்பிக் கேளுங்கள். ஒற்றைக் கோர் புள்ளியா பல கோர் புள்ளியா என்றும் கேளுங்கள்.

இன்னொரு பலம்: அண்ட்ரொய்ட் தொலைபேசி, ஐபாட், விண்டோஸ், மக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். "டப்லட் வாங்குவதா மடிக்கணினி வாங்குவதா" என்று யோசிக்கும் பாடசாலைக்கு ஒரே அலகில் ஒப்பிட இதைவிட எளிதான வழி இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. இலவசப் பதிப்பு முடிவைக் காட்ட இணையத்தோடு இணைந்திருக்கவேண்டும். மாங்குளத்துக்கு உள்ளே, மல்லாவிப் பக்கம், சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு கணினியையும் கைத்தொலைபேசி டேட்டாவில் இணைத்து அளப்பது சின்ன வேலை அல்ல. இரண்டாவது பெரியது. கீக்பெஞ்ச் ஒவ்வொரு வேலைக்கும் இடையில் சில நொடி ஓய்வு விடுகிறது. வெப்பம் முடிவைப் பாதிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். புரோசசர்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது நியாயமான வடிவமைப்பு. நமக்கு வேண்டியதோ அதற்கு எதிர்: வெப்பம் பாதிக்கிறதா என்றுதான் தெரியவேண்டும்.

## சினிபெஞ்ச் ஆர்23

ஜேர்மன் நிறுவனமான மக்சனின் முப்பரிமாணப் படக் கருவியை அடிப்படையாகக் கொண்ட சோதனை இது. பாடசாலைப் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்யப்போவதில்லை. நம் வேலைக்கு உள்ள உறவு என்ற இரண்டாவது நிபந்தனையில் இது தோற்கிறது. ஆனாலும் வன்னியில் பாவித்த கணினி வாங்குகிற எவருக்கும் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

காரணம், ஆர்23 வழக்கமாகவே 10 நிமிடம் விடாமல் ஓடும். அந்த நேரத்தைச் சுருக்கி ஒரே சுற்று மட்டும் ஓட்டவும் அமைப்பில் இடம் உண்டு. பல மடிக்கணினிகள் முதல் சில பத்து நொடிகள் கூடுதல் மின்வலுவில் பாய்ந்துவிட்டு, பிறகு சூடு தாங்காமல் வேகத்தைக் குறைக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு, கூரை காய்ந்து, மின்விசிறி சுடுகாற்றையே சுழற்றும் அறையில் இந்த வீழ்ச்சி இன்னும் பெரிதாகும். பாவித்த கணினி என்றால் உள்ளே செம்மண் தூசி அடைத்திருக்கும், புரோசசருக்கும் குளிர்த்தகட்டுக்கும் இடையில் பூசிய பசை காய்ந்திருக்கும். வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தாலும் இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு எண் எடுங்கள். முதலில் ஒரு சுற்று மட்டும். பிறகு 10 நிமிடம். இரண்டாவது எண் முதலாவதைவிடக் கொஞ்சம் குறைந்தால் இயல்பு. நாலில் ஒரு பங்கு போய்விட்டால் அந்தக் கணினியைத் திறந்து துப்புரவாக்கித் தரும்படி கேளுங்கள், அல்லது வேறொன்றைக் கேளுங்கள். இங்கே நீங்கள் ஒரு கணினியை அதே கணினியோடு ஒப்பிடுகிறீர்கள், அதனால் புள்ளிக்கு அடிப்படை இயந்திரம் இல்லை என்ற குறை இந்த இடத்தில் பாதிக்காது.

செலவு: நேரம்தான். இருபது கணினிக்கு ஒவ்வொன்றாகச் செய்தால் அரை நாள் போகும். ஒருமுறை இறக்கி யூ.எஸ்.பி.யில் வைத்துக்கொண்டு நாலைந்து கணினிகளில் ஒரேநேரத்தில் ஓடவிடலாம். ஆனால் யூ.பி.எஸ்.ஸில் அத்தனையையும் கொளுவ வேண்டாம், எல்லாம் முழு வலுவில் ஓடும்போது தாங்காது.

## 7-சிப்

கோப்புச் சுருக்கும் இந்தச் சிறு மென்பொருளுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. கருவிகள் பட்டியலில் திறந்தால் ஓடத் தொடங்கும். இணையம் வேண்டாம், பதிவு வேண்டாம், காசு வேண்டாம், இறக்கும் கோப்போ மிகச் சிறியது. விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைக்கிறது. எண்ணை இன்டெல் கோர் 2 புரோசசரை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். நினைவகத்தின் வேகத்தையும் நன்றாக உணரும். ரேமில் பிழை இருக்கிறதா என்றும் கூடவே சோதிக்கும், பாவித்த கணினிக்கு அது ஒரு வரம்.

இது ஒரே ஒரு வகை வேலையை மட்டும் அளக்கிறது, சுருக்குவதும் விரிப்பதும். அந்தக் குறுகலை மறக்காமல், கடையின் முன்மேசையில் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முதல் எண்ணாக வைத்துக்கொள்ளலாம். கிளிநொச்சிக் கடைக்காரருக்கும் என் பரிந்துரை இதுவே: விற்கும் ஒவ்வொரு கணினியிலும் 7-சிப் எண்ணையும் 10 நிமிட சினிபெஞ்ச் எண்ணையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரே திரும்ப அளக்கலாம்.

## ஸ்பெக் சிபியு 2017

1988இல் உருவான ஸ்பெக் என்ற அமைப்பு, விற்பனையாளர்கள் ஆளுக்கொரு எண் சொல்லிய குழப்பத்துக்கு ஒரு பொது ஒழுங்கு கொண்டுவந்தது. சிறு பொம்மை நிரல்களுக்குப் பதிலாக உண்மையான பயன்பாட்டு நிரல்களை எடுத்தார்கள். 1989இன் முதல் தொகுப்பு அதே வாக்ஸ் 11/780ஐ 1 என்று வைத்தது. 2017இன் தொகுப்பில் 43 நிரல்கள், நான்கு பிரிவுகளாக. அடிப்படை, சன் ஃபயர் வி490 என்ற பழைய சேர்வர். ஒவ்வொரு நிரலையும் ஓட்ட அந்தச் சேர்வர் எடுத்த நேரத்தை உங்கள் கணினி எடுத்த நேரத்தால் வகுத்து, வரும் விகிதங்களின் பெருக்கல் சராசரியை (கூட்டி வகுக்காமல், பெருக்கி மூலம் எடுப்பது) புள்ளியாகச் சொல்கிறார்கள்.

மூல நிரல் கையில் தரப்படுவதால் நீங்களே கம்பைல் செய்யவேண்டும், அதாவது கம்பைலர் என்ற மென்பொருளால் அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றவேண்டும். எந்தக் கம்பைலர், எந்த அமைப்பு என்று எல்லாவற்றையும் வெளியிடவேண்டும். இந்த வெளிப்படைத்தன்மையே இதன் மதிப்பு. என்றாலும் ஏமாற்று இங்கேயும் நுழைந்திருக்கிறது. 1989 தொகுப்பில் மட்ரிக்ஸ்300 என்ற நிரலைக் கம்பைலர்கள் மாற்றியமைத்துவிட, அந்த நிரலின் புள்ளி இயந்திரம் மாறாமலே பல மடங்கு பாய்ந்தது. 1992 தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 2024இல் ஸ்பெக் அமைப்பு, இன்டெல் கம்பைலரில் ஒரு குறிப்பிட்ட சோதனை நிரலுக்கென்றே இருந்த மேம்பாட்டைக் கண்டு, 2600இற்கும் மேற்பட்ட வெளியிட்ட முடிவுகளில் எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தது. ஓர் எண் பிரபலமாகி அதன்மேல் விற்பனை நடக்கத் தொடங்கியதும் அந்த எண்ணுக்காகவே பொருள் செய்யப்படுகிறது. விதிகளும் கண்காணிப்பும் உள்ள ஸ்பெக்குக்கே இந்த நிலை என்றால், கண்காணிப்பில்லாத புள்ளிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பாடசாலைக்கு இது வேண்டாம். பணம் ஒரு பக்கம் இருக்க, ஒரு முழு ஓட்டம் பல மணித்தியாலம் எடுக்கும், வேகப் பிரிவுக்கு 16 ஜிபி ரேம் வேண்டும், இடையில் கரண்ட் நின்றால் திரும்ப முதலில் இருந்து. வவுனியாப் பல்கலைக்கழகமோ அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடமோ சேர்வர் வாங்குவதென்றால் கதை வேறு: விற்பனையாளர் ஏற்கெனவே வெளியிட்ட ஸ்பெக் முடிவை இலவசமாகப் பார்த்து ஒப்பிடலாம், தாங்களே ஓட்டவேண்டியதில்லை.

ஆய்வு மாணவிக்கு ஒரு சொல். ஸ்பெக் விதிப்படி ஓட்டாத எண்ணை வெளியிட்டால் அது மதிப்பீடு மட்டுமே என்று தெளிவாகக் குறிக்கவேண்டும், இல்லாவிட்டால் பரீட்சகர் பிடிப்பார். கணித்தல் வழிமுறைகளை ஒப்பிடுகிற ஆய்வு என்றால் ஸ்பெக் தேவையுமில்லை. நாசாவின் இணைக் கணிப்புச் சோதனைகளும், நினைவகப் பாய்ச்சலை அளக்கும் ஸ்ட்ரீமும் இலவசம், துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை. வயலுக்கு நீர் விடும் உணரிக் கருவி போன்ற சிறு கணினிச் சில்லு (சிப்) கொண்ட திட்டம் என்றால் 2009இல் வந்த கோர்மார்க் என்ற சோதனையைப் பாவியுங்கள், பழைய டிரைஸ்டோனை விட்டுவிடுங்கள்.

## உங்கள் ஆய்வுகூடத்திலேயே ஓர் ஒப்புநோக்குக் கணினி

பாடசாலைகளுக்கு நான் சொல்லும் விடை இதுதான், மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

உங்கள் ஆய்வுகூடத்தில் இப்போது ஓடுகிற கணினிகளில், பிள்ளைகளும் ஆசிரியரும் நன்றாக அறிந்த ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அதன் வேகம் 1. அது மெதுவா, பரவாயில்லையா என்பது எல்லோருக்கும் கையால் தெரியும். "புதியது இதைவிட இரண்டரை மடங்கு" என்றால் அதிபருக்கும் விளங்கும், ரொறன்ரோவில் இருப்பவருக்கும் விளங்கும். எந்த வெளிநாட்டுப் புள்ளியாலும் இதைச் செய்யமுடியாது.

பிறகு, ஆய்வுகூடத்தில் உண்மையாக நடக்கும் ஐந்து வேலைகளை எழுதுங்கள். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கு என் பட்டியல் இப்படி இருக்கும்: மின்னூட்டியதிலிருந்து உலாவி திறந்து பக்கம் தெரியும் வரை, பகா எண்களைத் தேடும் ஒரு பைதன் நிரல், ஒரு பெரிய அட்டவணையை மைஎஸ்கியூஎல்லுக்குள் ஏற்றி ஒரு வினவலை ஓட்டுவது, பல்லாயிரம் வரியுள்ள விரிதாளைத் திறந்து வரிசைப்படுத்துவது, ஒரே கோப்புறையைச் சுருக்குவது. முதலாவது வேலை வன்தட்டைக் காட்டிக்கொடுக்கும். விரிதாளோடு உலாவியில் பத்துப் பக்கம் திறந்து வைத்தால் ரேம் பற்றாக்குறை வெளிவரும். மேலே பார்த்த எந்தப் பிரபல புள்ளியும் இந்த இரண்டையும் ஒழுங்காகக் காட்டாது, ஆனால் பிள்ளைகள் தினமும் காத்திருப்பது இவற்றுக்குத்தான்.

ஒவ்வொரு வேலையையும் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். மடிக்கணினி என்றால் மின்னில் கொளுவியிருக்கவேண்டும். விண்டோஸ் புதுப்பிப்பு பின்னணியில் ஓடாமல் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு ஒன்றையும் நண்பகலில் மற்றொன்றையும் அளக்கவேண்டாம்.

விகிதங்களைச் சேர்க்கும் இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். ஓர் உதாரணக் கணக்கு:

| வேலை | கணினி அ | கணினி ஆ |
|---|---|---|
| பைதன் நிரல் | 10 நொடி | 20 நொடி |
| விரிதாள் | 40 நொடி | 20 நொடி |

அ-வை அடிப்படையாக வைத்தால் ஆ-வின் விகிதங்கள் 0.5, 2. கூட்டிச் சராசரி எடுத்தால் 1.25, ஆகவே ஆ 25 வீதம் வேகமானது. இப்போது ஆ-வை அடிப்படையாக வையுங்கள். அ-வின் விகிதங்கள் 2, 0.5. சராசரி மறுபடி 1.25, அ 25 வீதம் வேகமானது! ஒரே அளவுகள், அடிப்படையை மாற்றியதும் வென்றவர் மாறிவிட்டார். விற்பனையாளர் ஒருவர் இதைத் தெரிந்தே செய்யலாம். விகிதங்களைப் பெருக்கி, எத்தனை விகிதமோ அத்தனையாம் மூலம் எடுத்தால் (இங்கே இரண்டு, ஆகவே வர்க்கமூலம்) இரண்டு பக்கமும் 1 வரும். அடிப்படை எதுவானாலும் முடிவு புரளாது. ஸ்பெக் பெருக்கல் சராசரியைப் பாவிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம், பிளெமிங்கும் வாலஸும் 1986இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது.

என்றாலும் மொத்த நேரத்தையும் பாருங்கள். இரண்டு வேலையையும் ஒரே எண்ணிக்கையில் செய்கிற வகுப்பென்றால் அ-வுக்கு 50 நொடி, ஆ-வுக்கு 40. பிள்ளை காத்திருக்கும் நேரம் ஆ-வில் குறைவு. பெருக்கல் சராசரி நடுநிலையானது, மொத்த நேரம் உங்கள் வகுப்புக்கு நெருக்கமானது. இரண்டும் ஒரே கணினியைக் காட்டினால் வாங்குங்கள். முரண்பட்டால் எந்த வேலை அதிகம் நடக்கிறது என்று பாட ஆசிரியரைக் கேளுங்கள், அவர் சொல்வதே முடிவு.

இதிலும் மறைந்த செலவு உண்டு. முதற்தடவை பட்டியலைத் தயாரிக்க ஆசிரியர் ஒருவரின் இரண்டு பின்னேரம் போகும். ஒப்புநோக்குக் கணினியும் கிழடாகும், தூசி அடையும். ஆகவே பழைய எண்ணைக் கொப்பியில் இருந்து எடுத்துப் பாவிக்காமல், புதியவற்றை அளக்கும் அதே நாளில் அதையும் திரும்ப அளக்கவேண்டும். அதற்கு யாரும் இடையில் ரேம் கூட்டவோ எஸ்.எஸ்.டி. மாற்றவோ கூடாது. அந்தக் கணினியில் ஒரு துண்டு ஒட்டிவையுங்கள்.

## விலைமனுக் கோரலில் என்ன எழுதுவது

சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுக்கும் வாசகம்:

*1. தெரிவுக்கு முன், வழங்கவிருக்கும் மாதிரியில் ஒரு கணினி பாடசாலைக்குக் கொண்டுவந்து காட்டப்படவேண்டும்.*

*2. இணைப்பிலுள்ள ஐந்து வேலைகளில், ஒப்புநோக்குக் கணினியோடு கணிக்கப்படும் விகிதங்களின் பெருக்கல் சராசரி 2இற்குக் குறையலாகாது. எந்தத் தனி வேலையிலும் விகிதம் 1இற்குக் குறையலாகாது.*

*3. சினிபெஞ்ச் ஆர்23 இன் 10 நிமிட ஓட்டப் புள்ளி, ஒரு சுற்றுப் புள்ளியின் 85 வீதத்துக்குக் குறையலாகாது.*

*4. கையளிக்கும் நாளில், எழுந்தமானமாகத் தெரிவுசெய்யும் கணினிகளில் இவ்வளவீடுகள் மீளச் செய்யப்படும். மாதிரிக் கணினியைவிட 10 வீதத்துக்கு மேல் மெதுவானவை மாற்றித் தரப்படவேண்டும்.*

2, 85 வீதம், 10 வீதம் என்பவை என் தெரிவு. உங்கள் ஒப்புநோக்குக் கணினி மிகப் பழையதென்றால் 2ஐ 3 ஆக்குங்கள். இரண்டாம் நிபந்தனையின் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், சராசரி நன்றாக இருந்தும் ஒரு வேலையில் பழையதைவிட மோசமான கணினியைத் தடுப்பது அதுதான். நான்காவது நிபந்தனை இருந்தால், நல்ல மாதிரியொன்றைக் காட்டிவிட்டு வேறு பாகங்களோடு மிச்சத்தைத் தருவதற்கு இடமில்லாமல் போகும்.

சிறு பாடசாலை, இரண்டு மூன்று கணினிதான் வாங்குகிறது, இவ்வளவுக்கு ஆளில்லை என்றால்: எட்டாம் தலைமுறை, எஸ்.எஸ்.டி., 8 ஜிபி ரேம் என்று வடிகட்டி, கடையிலேயே 7-சிப்பையும் 10 நிமிட சினிபெஞ்சையும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒரு யூ.எஸ்.பி.யும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

ஒப்புநோக்குக் கணினி ஒருநாள் ஓடாமல் போகும். அது நடக்கமுன், புதிதாக வந்தவற்றில் ஒன்றை அடுத்த ஒப்புநோக்குக் கணினியாகத் தெரிவுசெய்து, இரண்டையும் ஒரே நாளில் ஐந்து வேலைகளிலும் அளந்து, அந்த விகிதத்தை ஆய்வுகூடப் பதிவேட்டில் எழுதி ஆசிரியரும் அதிபரும் ஒப்பமிட்டு வைக்கவேண்டும். பழைய எண்களை அந்த விகிதத்தால் மாற்றிக்கொள்ளலாம், அடுத்த கொள்வனவுக்கு வருகிற குழு முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.